ஒருவர் தம்மைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்ள என்ன வேண்டும்?

"கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தேன். குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். ஆராதனைக்குப் போவதில்லை. இயேசுவின் போதனை பிடிக்கும். நான் கிறிஸ்தவனா?" என்பது கேள்வி. இதற்கு இன்னொரு முகமும் உண்டு. வேறு குடும்பத்தில் பிறந்த ஒருவர் வேதாகமம் வாசிக்கிறார், இயேசுவிடம் ஜெபிக்கிறார், ஆனால் ஞானஸ்நானம் பெறவில்லை. அவர் தம்மை அப்படிச் சொல்லிக்கொள்ளலாமா?

கிறிஸ்தவர் ஆவது வேறு, கிறிஸ்தவராக வாழ்வது வேறு. இரண்டுக்கும் அளவுகோல் தனித்தனி. ஒருவர் கிறிஸ்தவர் ஆனாரா என்பதை வெளியிலிருந்து விசாரித்துச் சொல்லிவிடலாம்: தண்ணீர் பட்டதா, என்ன வார்த்தை சொல்லப்பட்டது, எந்த விசுவாசத்தில் கொடுக்கப்பட்டது. வாழ்கிறாரா என்பதை அப்படி யாராலும் தீர்த்துச் சொல்ல முடியாது, அடையாளங்களைப் பார்க்கலாம், அவ்வளவுதான். முதல் கோலால் இரண்டாவதை அளப்பவர் ஞானஸ்நானச் சான்றிதழையே இரட்சிப்பு என்று நினைத்துக்கொள்வார். இரண்டாவது கோலால் முதலாவதை அளப்பவர், தவறி நடந்த எவரையும் "அவன் கிறிஸ்தவனே இல்லை" என்று தள்ளிவிடுவார். சபை வரலாற்றின் பெரிய சண்டைகள் சில இந்தக் குழப்பத்திலிருந்தே கிளம்பின.

பிறப்பைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கிறிஸ்தவர்கள் பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறார்கள் என்று வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் 197ஆம் ஆண்டு வாக்கிலேயே எழுதிவிட்டார். விசுவாசிகளின் பிள்ளைகள் கடவுளின் உடன்படிக்கைக்குள்ளேயே பிறக்கிறார்கள் என்று சொல்லும் சீர்திருத்த மரபுச் சபைகள்கூட, அதற்கு முத்திரையாக ஞானஸ்நானம் கொடுக்கின்றன. வளர்ந்தபின் சொந்த வாயால் விசுவாசத்தை அறிக்கையிடவும் சொல்கின்றன.

சொந்த வாயால் சொல்வது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். புதிய ஏற்பாட்டில் 'கிறிஸ்தவர்' என்ற பெயர் மூன்றே இடங்களில் வருகிறது (அப்போஸ்தலர் 11:26, 26:28, 1 பேதுரு 4:16). முதல் இடத்தில் அந்தியோகியாவில் மற்றவர்கள் வைத்த பெயராகத் தெரிகிறது. இரண்டாவதில் அகிரிப்பா அரசன் பவுலிடம் சொல்கிறான். மூன்றாவதில் அந்தப் பெயருக்காகத் துன்பப்படுவதைப் பற்றிய பேச்சு. 112ஆம் ஆண்டு வாக்கில் பித்தினியாவின் (இன்றைய துருக்கியிலிருந்த ரோம மாகாணம்) ஆளுநர் பிளினி, ரோமப் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில் தம் விசாரணை முறையை விவரிக்கிறார்: "நீ கிறிஸ்தவனா?" என்று கேட்பார். ஆம் என்றால் தண்டனையைச் சொல்லி மிரட்டி இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்பார். அப்போதும் ஆம் என்பவர்களுக்கு மரணம். இல்லை என்பவர்கள் பேரரசரின் உருவத்துக்குத் தூபமும் திராட்சரசமும் படைத்துக் கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். உண்மையான கிறிஸ்தவர்களை இதைச் செய்ய வைக்கவே முடியாது என்று தாம் கேள்விப்பட்டதாகவும் அவர் எழுதுகிறார். அவர்கள் என்னதான் செய்தார்கள் என்று துருவியதில் கிடைத்த விவரம் இதுதான்: குறித்த நாளில் விடியுமுன் கூடினார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடினார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், நம்பி ஒப்படைத்ததை மறுக்கமாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள், பிறகு சேர்ந்து சாதாரண உணவு உண்டார்கள். கிறிஸ்தவர் அல்லாத ஓர் அதிகாரியின் கையிலிருந்து இவ்வளவு பழைய விவரம் கிடைப்பது அபூர்வம். விசுவாசம், கூடுகை, ஒழுக்கம், பந்தி ஆகிய நான்கும் அதில் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆளுநர் மிரட்டிக் கேட்டதுபோலவே சபையும் ஞானஸ்நானத்தில் மூன்று கேள்வி கேட்டது, வேறு காரணத்துக்காக. இப்போலித்து எழுதியதாகச் சொல்லப்படும் பழைய ஒழுங்குமுறை நூலின்படி, பிதாவை விசுவாசிக்கிறாயா, குமாரனை விசுவாசிக்கிறாயா, பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஒவ்வொரு "விசுவாசிக்கிறேன்" என்ற பதிலுக்கும் ஒருமுறை தண்ணீர். அதற்கு முன் மூன்று ஆண்டு போதனை கேட்க வேண்டும், ஒருவரின் நடத்தை நன்றாக இருந்தால் காலம் குறையலாம். சிலை செய்பவர்களும் அரங்கில் சண்டையிடும் கிளாடியேட்டர்களும் தொழிலை விட்டால்தான் சேர்ப்பு. இன்று அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் என்று ஒப்புவிக்கும் வாசகம், ரோமைச் சபையில் இந்தக் கேள்வி பதிலிலிருந்து வளர்ந்ததுதான்.

இனி ஞானஸ்நானம். கத்தோலிக்கர் இதைத் திருமுழுக்கு என்பார்கள். பெரும்பாலான சபைகள் ஒப்புக்கொள்ளும் குறைந்தபட்சத் தேவைகள் மூன்று. உண்மையான தண்ணீர் வேண்டும். "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில்" என்ற வார்த்தை வேண்டும் (மத்தேயு 28:19). சபை செய்வதைச் செய்கிறேன் என்ற நோக்கம் கொடுப்பவருக்கு வேண்டும். முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட திதாக்கே என்ற கையேடு தண்ணீரைப் பற்றி விவரமாகவே பேசுகிறது: ஓடும் நீர் நல்லது, அது இல்லையென்றால் வேறு நீர், குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெந்நீர், இரண்டும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று. பெறுபவர் ஒன்றிரண்டு நாள் முன்பே உபவாசம் இருக்க வேண்டும். ஆக, முழுகுவதா ஊற்றுவதா என்ற விவாதத்துக்கு இவ்வளவு பழைய காலத்திலேயே நெகிழ்வான பதில் இருந்திருக்கிறது. ஆர்த்தடாக்ஸ் சபைகள் குழந்தையையும் மூன்று முறை முழுக்கி, உடனே தைலம் பூசி, நற்கருணையும் கொடுத்துவிடுகின்றன. கத்தோலிக்கரும் லூத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளும் பெரும்பாலும் ஊற்றுகிறார்கள், விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிபூசுதலோ திடப்படுத்தலோ பிறகு வரும். பாப்டிஸ்டுகளும் பெந்தெகொஸ்தே சபைகளும் விசுவாசத்தை அறிக்கையிடும் வயதில்தான் முழுக்குகிறார்கள்.

தவறுகள் நடக்கும் இடங்கள் சில. தண்ணீர் தோலில் பட்டு ஓட வேண்டும். ஈர விரலால் நெற்றியில் தொட்டு முடித்துவிட்டால் சந்தேகம் எழும். ஒருவர் ஊற்ற இன்னொருவர் வார்த்தை சொல்வது தவறு, இரண்டையும் ஒரே ஆள் செய்ய வேண்டும். வார்த்தையை அழகுபடுத்தப் போவதும் ஆபத்து. "நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்பதற்குப் பதிலாக "நாங்கள் கொடுக்கிறோம்" என்று சொன்னால் செல்லாது என்று வத்திக்கான் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கியது. அதன்பின் பல ஆண்டுகளுக்கு முன் அப்படிப் பெற்றவர்கள் முதலிலிருந்து பெற வேண்டியதாயிற்று. வேடிக்கை என்னவென்றால், கொடுப்பவர் யார் என்பதில் அதே கத்தோலிக்கச் சட்டம் மிகத் தாராளம். சாகும் நிலையில் உள்ளவருக்கு யார் வேண்டுமானாலும், ஞானஸ்நானம் பெறாதவர்கூட, சரியான நோக்கத்தோடு கொடுக்கலாம். மருத்துவமனையில் செவிலியர் கொடுப்பது இப்படித்தான். கொடுத்தவர் பெயர், தேதி, சாட்சி ஆகியவற்றை உடனே எழுதிவைத்துப் பங்குக்கோ சபைக்கோ தெரிவித்துவிட வேண்டும். குழந்தை பிழைத்துக்கொண்டால் மறுபடி தண்ணீர் ஊற்றுவதில்லை, விடுபட்ட சடங்குகளை மட்டும் கோயிலில் நிறைவு செய்வார்கள்.

மறுபடி கொடுப்பதில்லை என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. பிரிந்துபோன குழுக்களிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று 255, 256ஆம் ஆண்டுகளில் கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியானும் ரோமையின் ஆயர் ஸ்தேவானும் மோதிக்கொண்டார்கள். மீண்டும் கொடு என்றார் சிப்பிரியான். கைகளை வைத்து ஜெபித்தால் போதும் என்றார் ஸ்தேவான். மேற்கில் ரோமையின் வழக்கமே நிலைத்தது. 314இல் ஆர்ல் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம், வருபவரிடம் விசுவாசப் பிரமாணத்தைக் கேள், திரித்துவத்தின் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவொரு கடவுளின்) நாமத்தில் பெற்றிருந்தால் கையை மட்டும் வை என்றது. இதோடு தொடர்புள்ளதே, தொனாத்து என்ற ஆயரின் பெயரால் அறியப்படும் தொனாத்து விவகாரம். ரோமப் பேரரசர் தியோக்கிளேசியன் காலத்துத் துன்புறுத்தலில் வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த ஆயர்கள் கொடுத்த திருச்சடங்கு செல்லுமா என்பது கேள்வி. செல்லாது என்றவர்கள் வட ஆப்பிரிக்காவில் தனிச் சபையாகவே பிரிந்தார்கள். வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் சொன்ன மறுப்பு சுருக்கமானது: கொடுப்பவன் கிறிஸ்து, நடுவில் நிற்கும் மனிதனின் அழுக்கு அந்தக் கொடையில் ஒட்டாது. இந்தப் பதில் இல்லாமல் போயிருந்தால், தனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் பின்னாளில் ஒழுக்கம் கெட்டவர் என்று தெரிந்த ஒவ்வொருவரும் "அப்படியானால் நான் யார்?" என்று தவித்திருப்பார்கள். 1982இல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் லீமா ஆவணமும் ஞானஸ்நானம் திரும்பச் செய்ய முடியாதது என்றே சொல்கிறது.

குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத சபைகள் இதே கொள்கையை வேறு விதமாகப் பார்க்கின்றன. 1525 சனவரியில் சூரிக் நகரில் சிலர் பெரியவர்களாக ஞானஸ்நானம் பெற்றபோது, அவர்களுக்கு அது இரண்டாவது இல்லை. விசுவாசிக்க முடியாத வயதில் நடந்தது ஞானஸ்நானமே இல்லை என்பதால் அதுதான் முதலாவது. இரு தரப்புக்கும் தர்க்கம் சுத்தமாகவே இருக்கிறது. ஒரே ஆள் இரு தரப்பிலும் கால் வைத்தால்தான் சிக்கல். குழந்தையில் பெற்றவர் பின்னர் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால், முதல் சபை அதைத் தன் விசுவாசத்தை மறுத்த செயலாக எடுத்துக்கொள்ளக்கூடும். செய்யுமுன் இரு பக்கமும் பேசிவிடுவது நல்லது.

தண்ணீரோடு சேர்ந்தது விசுவாசம். எதை? பவுல் தமக்கு வந்ததாகச் சொல்லி ஒப்படைக்கும் சாரம் சிறியது: கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார் (1 கொரிந்தியர் 15:3-4). அதே அதிகாரத்தின் 17ஆம் வசனம் கறாரானது: கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் உங்கள் விசுவாசம் வீண். இயேசுவின் மலைப்பிரசங்கம் பிடிக்கும், உயிர்த்தெழுதலில் நம்பிக்கையில்லை என்பவர் நல்ல மனிதராக இருக்கலாம், இயேசுவை மதிப்பவராகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பெயருக்கு வரலாறு கொடுத்த பொருளில் அவர் கிறிஸ்தவர் இல்லை. போதனையை விரும்புவது போதுமென்றால், மலைப்பிரசங்கத்தை நேசித்த காந்தியையும் கிறிஸ்தவர் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் இந்துவாகவே தம்மைச் சொல்லிக்கொண்டார்.

325இல் நிசேயாவிலும் 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் கூடிய சங்கங்கள் வடித்த பிரமாணம் அந்தச் சாரத்துக்கு வேலி போட்டது: இயேசு உண்மையான கடவுளிடமிருந்து வந்த உண்மையான கடவுள், படைக்கப்பட்டவர் அல்லர். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், பெரும்பாலான புரோட்டஸ்டண்டுகள் எல்லாரும் இதற்குள் நிற்கிறார்கள். இயேசுவின் தெய்வத்தன்மையையும் மனிதத்தன்மையையும் பற்றி 451இல் கல்கதோன் சங்கம் கையாண்ட சொல்லாட்சியை ஏற்காமல் பிரிந்த கோப்து, சிரிய, ஆர்மேனிய சபைகளும் இதே பிரமாணத்தைச் சொல்கின்றன. 1973இல் பாப்பரசர் ஆறாம் பவுலும் கோப்துத் தலைவர் மூன்றாம் ஷெனூடாவும் கையெழுத்திட்ட கூட்டு அறிக்கையைப் பார்த்தால், அந்தப் பழைய பிளவில் சொற்களின் பங்கு எவ்வளவு என்று தெரியும். உலகத் திருச்சபைகள் மன்றம் 1948இல் வைத்த உறுப்பினர் அடிப்படை, இயேசு கிறிஸ்துவைக் கடவுளாகவும் இரட்சகராகவும் ஏற்பது. 1961இல் திரித்துவத்தையும் வேதாகமத்தையும் அதில் சேர்த்தார்கள்.

வேலியோரத்தில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். யெகோவாவின் சாட்சிகள் திரித்துவத்தை மறுக்கிறார்கள். பிந்தைநாள் புனிதர்கள், அதாவது மார்மன்கள், ஞானஸ்நானத்தில் அதே மூன்று பெயர்களைச் சொன்னாலும் அவர்கள் குறிக்கும் பொருள் வேறு என்று கருதி, 2001இல் வத்திக்கான் அதைச் செல்லாது என்றது. இரு குழுவினரும் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே சொல்கிறார்கள். மற்றச் சபைகளில் பெரும்பாலானவை அதை ஏற்பதில்லை. இதற்கு நேர் எதிராக, குவேக்கர்களும் இரட்சணிய சேனையும் தண்ணீர் ஞானஸ்நானமே கொடுப்பதில்லை, ஆனாலும் அவர்களைக் கிறிஸ்தவர்கள் இல்லை என்று சொல்லப் பலருக்கு மனம் வராது. விசுவாசமா தண்ணீரா என்று பிரித்துக் கேட்டால், நடைமுறையில் விசுவாசத்துக்கே எடை அதிகம் என்பதற்கு இந்த இரண்டு உதாரணமும் போதும். ஒருவர் எந்த அர்த்தத்தில் அந்தப் பெயரைச் சொல்கிறார் என்று கேட்காமல் "ஆம்", "இல்லை" என்று தீர்ப்புச் சொல்வது பயனற்றது.

இனி இரண்டாவது கோல். என்னை நோக்கி ஆண்டவரே ஆண்டவரே என்பவன் எல்லாம் பரலோக ராஜ்யத்துக்குள் போவதில்லை என்று இயேசு சொன்னது (மத்தேயு 7:21) வெளியாருக்கு இல்லை, அந்தப் பெயரைச் சொல்பவர்களுக்கு. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு ஒரு படி மேலே போகிறார். அப்படியானால் நற்செயலால் இரட்சிப்பா? பதினாறாம் நூற்றாண்டு முழுக்க இதற்காகச் சண்டை. 1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்பூர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலக சம்மேளனமும் கையெழுத்திட்ட கூட்டு அறிக்கை சொல்வது: நம் தகுதியால் இல்லை, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்கிறார், அந்தக் கிருபையே நற்செயலுக்கு நம்மைத் தகுதியாக்குகிறது. மெதடிஸ்டுகள் 2006இலும் சீர்திருத்த சபைகள் 2017இலும் இதில் சேர்ந்தன. எளிமையாகச் சொன்னால், கனி மரத்தை உண்டாக்குவதில்லை, ஆனால் கனியே இல்லாத மரத்தைப் பற்றிச் சந்தேகப்பட இடமிருக்கிறது.

என்ன கனி என்பதில் வேதாகமம் மழுப்பவில்லை. கண்ட சகோதரனை வெறுத்துக்கொண்டு காணாத கடவுளை நேசிக்கிறேன் என்பவன் பொய்யன் (1 யோவான் 4:20). பசித்தவனுக்கு உணவு, நோயாளியையும் சிறையிலிருப்பவனையும் பார்க்கப் போதல் (மத்தேயு 25). ஒருவன் தவறிழைத்தால் முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போ, அப்புறம்தான் சபைக்குச் சொல் (மத்தேயு 18:15-17). இந்தக் கடைசி வரிசையைத் தலைகீழாக்கி, முதலிலேயே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சம்பந்தப்பட்டவரிடம் வருவதுதான் சபைகளில் சாதாரணமாக நடப்பது.

வார வாழ்க்கையின் வடிவமும் பழையது. 155ஆம் ஆண்டு வாக்கில் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் எழுதுகிறார்: ஞாயிறன்று கூடுகிறோம், அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளையோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளையோ நேரம் இருக்கும் வரை வாசிக்கிறோம், தலைவர் பேசுகிறார், எழுந்து ஜெபிக்கிறோம், அப்பமும் நீர் கலந்த திராட்சரசமும் வருகின்றன, வராதவர்களுக்கு உதவிக்காரர் கொண்டுபோய்க் கொடுக்கிறார். வசதியுள்ளவர்கள் விருப்பப்படி தருவது அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையிலிருப்பவர்களுக்கும் போகிறது. திதாக்கே இதோடு புதனும் வெள்ளியும் உபவாசம், கர்த்தருடைய ஜெபம் நாளுக்கு மூன்று முறை என்று சேர்க்கிறது. தனியாக வீட்டில் விசுவாசம் வைத்துக்கொள்கிறேன் என்பவருக்கு இந்தப் பட்டியலில் எது விடுபடுகிறது என்று பாருங்கள்: பந்தியும் காணிக்கையும் மன்னிக்க வேண்டிய மனிதர்களும். ஜெபமும் வாசிப்பும் தனியாக முடியும். மற்றவை முடியாது.

விழுந்தால் பெயர் போய்விடுமா? 250இல் ரோமப் பேரரசர் தேசியுஸ் எல்லாரும் ரோமக் கடவுள்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டபோது ஏராளமான கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள், சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் பாப்பிரஸ் துண்டுகளில் இன்றும் கிடைக்கின்றன. புயல் ஓய்ந்தபின் சபை அவர்களை நீண்ட மனந்திரும்புதலுக்குப் பிறகு சேர்த்துக்கொண்டது, மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. மறுதலித்தவனும் ஞானஸ்நானம் பெற்றவனே என்பதுதான் அதன் பொருள். திரும்பி வரும் வழி தண்ணீர் வழியாக இல்லை, மனந்திரும்புதல் வழியாக.

முதல் கேள்வியாளருக்கு, ஆகவே: குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கும் சபைகளின் கணக்கில் நீங்கள் கிறிஸ்தவர் ஆகிவிட்டீர்கள், அது அழியாது. அதை வாழ விரும்பினால் செய்ய வேண்டியது புதிய ஞானஸ்நானம் தேடுவது இல்லை. கத்தோலிக்கராக இருந்தால் ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்), உறுதிபூசுதல் பெறாதிருந்தால் அதற்கான தயாரிப்பு, பிறகு நற்கருணை. மற்றச் சபைகளில் போதகரிடம் பேசி, திடப்படுத்தலோ விசுவாச அறிக்கையோ செய்து திருவிருந்தில் பங்கெடுப்பது. ஞானஸ்நானம் பெற்ற இடத்திலிருந்து புதிதாக ஒரு சான்றிதழ் வாங்கிவையுங்கள். உறுதிபூசுதல், திருமணம் போன்றவை கத்தோலிக்கப் பதிவேட்டின் ஓரத்தில் குறிக்கப்படுவதால், பழைய நகலைத் திருமணத்துக்கு ஏற்கமாட்டார்கள். பதிவேடு தொலைந்திருந்தால் நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலமே போதும் என்பது திருச்சபைச் சட்டம். விலக விரும்பினாலும் ஞானஸ்நானப் பதிவை அழிக்கமாட்டார்கள். நடந்தது நடந்ததுதான் என்பதால், விலகியதைக் குறித்துவைப்பதுதான் வழக்கம்.

இரண்டாவது கேள்வியாளர் இப்போது இருக்கும் நிலைக்கு அடுத்த படி, ஒரு சபையைத் தேடிப் போய் "எனக்கு ஞானஸ்நானம் வேண்டும்" என்று கேட்பது. கத்தோலிக்கத்தில் இதற்கு விசாரணைக் காலம், போதனைக் காலம், தவக்காலத்து இறுதித் தயாரிப்பு என்று படிகள் உண்டு. பாஸ்கா இரவில் (ஈஸ்டருக்கு முந்தைய இரவில்) ஞானஸ்நானமும் உறுதிபூசுதலும் நற்கருணையும் ஒன்றாக வரும். பாப்டிஸ்டு, பெந்தெகொஸ்தே சபைகளில் சில வாரப் போதனையும் சபை முன் சாட்சியும் போதும். மூவொரு நாமத்தில் கொடுக்கிறார்களா, "இயேசுவின் நாமத்தில்" மட்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது வகையைப் பல சபைகள் பின்னர் ஏற்பதில்லை. காத்திருக்கும் காலத்தில் தம்மை எப்படிச் சொல்லிக்கொள்வது என்ற தயக்கத்துக்கும் பதில் உண்டு. ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவரைத் திருச்சபை ஏற்கெனவே தன்னோடு இணைந்தவராகவே கருதுகிறது. அதற்கு முன்பே அவர் இறந்துவிட்டால், அடக்கச் சடங்கைப் பொறுத்தவரை விசுவாசிகளில் ஒருவராகவே அவரைக் கணக்கிட வேண்டும் என்று கத்தோலிக்கச் சட்டம் சொல்கிறது.